கொடுத்த வாக்கும் எழுதிய கடதாசியும்: யாழ்ப்பாணத்தில் ஒப்பந்தம் முறிந்தால் சட்டம் என்ன தரும்?

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியது. சீமெந்து, கம்பி, வயர், டைல்ஸ் என்று எல்லாம் கூடவே ஏறின. கோப்பாய்ப் பக்கமும் மானிப்பாய்ப் பக்கமும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே வாக்குவாதம்தான். ஒப்பந்தக்காரர், "பழைய விலைக்கு இனி ஏலாது" என்கிறார். வீட்டுக்காரர், "பேசின விலை பேசின விலைதான்" என்கிறார். வீட்டுக்குக் காசு அனுப்பிய மகள் ரொறன்ரோவில் இருந்து, "நான் வழக்குப் போடலாமா?" என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி இணையத்தில் தமிழில் தட்டினால் வருவது பெரும்பாலும் இந்தியச் சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் 73ஆம் பிரிவு, 74ஆம் பிரிவு, மூன்று வருடக் காலவரையறை என்று நன்றாகவே விளக்கியிருப்பார்கள். ஆனால் அதில் ஒரு வரிகூட யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இங்கே ஒப்பந்தத்துக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். அதன்மேல் ஆங்கிலேயர் காலத்துக் கட்டளைச் சட்டங்கள் சில, காணி என்று வந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. இந்தக் கலவை, முறிந்த வாக்குக்குப் பரிகாரம் தருவதில் நம் ஆட்கள் நினைப்பதைவிடத் தாராளமானது. அந்தத் தாராளத்தை நாம் இழப்பது பெரும்பாலும் கடதாசியில்தான்: யாருடைய பெயரை எழுதினோம், எந்த வடிவத்தில் எழுதினோம், எப்போது கேட்டோம் என்பதில்.

டச்சுக்காரர் போனபின்னும் அவர்கள் சட்டம் ஏன் நின்றது? 1796இல் கரையோரங்களைப் பிடித்த ஆங்கிலேயர், 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் முன்பிருந்த சட்டங்களையே தொடர விட்டார்கள். தேசவழமை அதற்கும் முன்னதாக, 1706–07இல், யாழ்ப்பாணத்தில் திசாவையாக, அதாவது டச்சு ஆட்சியின் அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் எழுத்தில் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்ட வலுப் பெற்றது. வணிகத்தின் சில துறைகளில் மட்டும், குறிப்பாகப் பொருள் விற்பனை, காப்புறுதி, பங்குடைமை போன்றவற்றில், ஆங்கிலச் சட்டம் உள்ளே வந்தது.

இந்த வேறுபாடு வெறும் வரலாறு அல்ல. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வாக்குறுதி செல்ல வேண்டுமானால் அதற்குப் பதிலாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். இந்தியச் சட்டமும் சில விலக்குகளோடு அதையே கேட்கிறது. நம் சட்டத்துக்கு அது தேவையில்லை. வாக்குக் கொடுத்ததற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தால் போதும். 1918இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய என்ற இலங்கை வழக்கில், குடும்பத்துக்குள் கொடுத்த வாக்குறுதி ஒன்றுக்குத் தார்மீகக் கடமையே போதுமான காரணம் என்று அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலே ஒப்புக்கொண்டது. அண்ணன் தங்கைக்குச் சொன்ன சொல்லும் சில வேளைகளில் சட்டத்தின் முன் நிற்கும் என்பது இதன் பொருள். குடும்பத்துக்குள் கைமாறும் பணம் இவ்வளவு அதிகமான ஒரு சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

தாராளம் முடிந்து கண்டிப்பு தொடங்கும் இடம் காணி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது: காணியை விற்பதற்கான உறுதி மட்டுமல்ல, விற்கிறேன் என்று உடன்படும் ஒப்பந்தமும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதி. இரண்டு பரப்புக் காணிக்கு அட்வான்ஸ் கொடுத்து, ஒரு கொப்பித் தாளில் 'இவரிடம் முற்பணமாக ஐந்து லட்சம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். காணிக்காரர் மனம் மாறினால் அந்தத் தாளைக் கொண்டு காணியை எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். முத்திரை ஒட்டியதால் அது நொத்தாரிசு உறுதி ஆகிவிடாது. மின்னணுப் பரிமாற்றங்களுக்கான 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வட்ஸ்அப் செய்திகளையும் மின்னஞ்சல்களையும் ஒப்பந்தமாக ஏற்க வழிவிட்டாலும், காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது.

பொருள் விற்பனையில் விதி இளகியது, ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒரு குறிப்பும் இல்லை, வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது பெறவில்லை, விலையில் ஒரு பகுதியையாவது கொடுக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை வைத்து வழக்காட முடியாது. தொகை எவ்வளவு சிறிதானாலும் இதுதான் விதி. உதாரணமாக, சுன்னாகம் சந்தை வியாபாரி ஒருவர் தோட்டத்துக்கே வந்து, ஆயிரம் கிலோ சின்ன வெங்காயத்தைக் கிலோ 300 ரூபாவுக்கு எடுக்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார். கிண்டும் நேரத்தில் விலை 200க்கு இறங்க, ஆள் வரவில்லை. ஆயிரம் ரூபா அச்சவாரம் வாங்கியிருந்தால், அல்லது விலையும் நிறையும் எழுதிய ஒரு துண்டில் அவருடைய கையெழுத்து இருந்திருந்தால், விவசாயி தன் வெங்காயத்தைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டு வித்தியாசமான ஒரு லட்சம் ரூபாவை வியாபாரியிடம் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் கேட்க வழியில்லை. நம் தோட்டக்காரர் பழக்கத்தால் வாங்கும் அச்சவாரத்துக்குச் சட்டத்தில் இவ்வளவு பலம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

சரி, கடதாசி ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் எப்போது முறிகிறது? செய்யவே முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அல்லது நடத்தையால் காட்டிவிட்டால், குறித்த நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செய்த வேலை பேசிய தரத்தில் இல்லாவிட்டாலும் மீறல்தான். யாழ்ப்பாணத்தில் மிக அதிகமாகக் காண்பது தாமதம், ஆட்கள் மிக அதிகமாகத் தவறு விடுவதும் அங்கேதான். கல்யாணச் சமையலுக்குப் பேசிய ஆள் முகூர்த்த நாளுக்கு வரவில்லையென்றால் அந்த நிமிடமே அது மீறல். அங்கே நாள்தான் ஒப்பந்தத்தின் உயிர். வீட்டு வேலை அப்படியல்ல. நாள் எழுதாமல் விட்ட ஒப்பந்தத்தில், 'இத்தனையாம் திகதிக்குள் முடித்துத் தரவேண்டும்' என்று கேட்டு, நியாயமான அவகாசம் கொடுத்து, அதுவும் கடந்த பிறகுதான் மறுதரப்பு சட்டப்படி தவணை தவறியவர் ஆகிறார்.

கோரிக்கைக் கடிதம் என்ற ஒன்று இதற்காகத்தான் இருக்கிறது. சட்டத்தரணி பதிவுத் தபாலில் அனுப்பும் அந்த ஒரு பக்கத்தில், ஒப்பந்தத்தின் திகதி, கொடுத்த தொகை, செய்யாமல் விட்ட வேலை, 'இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள்' என்பது போன்ற ஒரு கெடு, தவறினால் எடுக்கப்போகும் நடவடிக்கை எல்லாம் இருக்கும். நம்மில் பலர் இதைச் சண்டைக்கு அழைப்பதாக நினைத்து, முகம் முறியக்கூடாது என்று மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டே இருந்துவிடுவார்கள். அந்த மாதங்களில் சீமெந்து விலையும் ஏறும், மறுதரப்பின் கையில் இருந்த காசும் கரையும். கடிதம் அனுப்பியபின் சமாதானம் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. என் பார்வையில் அது உறவை முறிப்பதைவிடக் காப்பாற்றுவதே அதிகம், ஏனென்றால் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று அதற்குப் பிறகு குழப்பம் இருக்காது.

விலையேற்றத்துக்கு வருவோம். 'என்னால் முடியாமல் போனது' என்பது ஒரு தற்காப்பா? உண்மையில் எவராலும் செய்ய முடியாத நிலை, ஒப்பந்தத்துக்குப் பிறகு, தன் பிழை இல்லாமல் வந்தால் கடமை கழியும். 1995 அக்டோபர் 30இல் போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. நவம்பரில் யாழ் நகரில் ஒரு கடையைத் திறந்து ஒப்படைக்க வேண்டியிருந்தவரைச் சட்டம் குறை சொல்லாது. விலை இரட்டிப்பாவது அந்த வகையில் சேராது. நட்டமாகிறது என்பதும் முடியாது என்பதும் சட்டத்துக்கு வேறு வேறு. ஆகவே மொத்த விலைக்கு ஒப்புக்கொண்டு, 'பொருள் விலை கூடினால் இப்படிக் கூட்டிக்கொள்ளலாம்' என்று ஒரு வரியும் எழுதாத ஒப்பந்தக்காரருக்கு 2022ஆம் ஆண்டு கடுமையான ஆண்டாகத்தான் முடிந்திருக்கும். மனிதாபிமானத்தோடு பார்த்தால் இது கொடுமை. கடன் வாங்கி ஆறேழு மேசன்மாருக்குச் சம்பளம் கொடுத்த ஒருவர், நாட்டின் நிதி விழுந்ததற்குத் தன் சொத்தை விற்றுப் பதில் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. அதற்காகவே இப்போது எழுதும் ஒவ்வொரு கட்டட ஒப்பந்தத்திலும் விலைமாற்ற வாசகம் ஒன்று இருக்க வேண்டும், அதை இரண்டு தரப்பும் கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்பந்தக்காரருக்குச் சட்டம் வேறு ஒரு கேடயம் வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தவணைப் பணத்தை நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்றால், 'உன் பங்கை நீ செய்யாமல் என் பங்கைக் கேட்காதே' என்று வேலையை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை உண்டு. அத்திவாரத்துக்கு இவ்வளவு, லிண்டலுக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று படிப்படியாகப் பணம் கொடுக்கும் ஒப்பந்தங்களில் வழக்கின் முடிவையே இது திருப்பிவிடும். யார் முதலில் தவறினார் என்பதே கேள்வியாகிவிடும். அதனால் பணம் கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வங்கியூடாக அனுப்பினால் இன்னும் நல்லது.

இனிப் பரிகாரம். நம் சட்டத்தின் உயர்ந்த குணம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்தம் முறிந்தால் முதலில் கிடைப்பது பணம். 'சொன்னதைச் செய்' என்ற கட்டளை நீதிமன்றத்தின் தயவில் கிடைக்கும் விதிவிலக்கு. உரோமன் டச்சுச் சட்டத்தில், சொன்னதைச் செய்விக்கும்படி கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. நீதிமன்றம் மறுக்கலாம்தான், ஆனால் மறுக்கக் காரணம் வேண்டும். நொத்தாரிசு முன் எழுதிய காணி ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தோடு தயாராக நிற்பவர், 'நட்டஈடு வேண்டாம், காணியை எழுதித் தா' என்று கேட்க முடியும். விற்பவர் காணியை ஏற்கெனவே வேறொருவருக்கு முறையாக எழுதிவிட்டார் என்றாலோ, கட்டளையிட்டால் அளவுக்கு மீறிய இன்னல் வரும் என்றாலோ நிலைமை மாறும். ஆளின் கைத்திறனையோ விருப்பத்தையோ நம்பிய வேலைகளிலும் நீதிமன்றம் தயங்கும். ஒரு மேசனைக் கட்டளையிட்டுச் சுவர் எழுப்ப வைப்பதை எந்த நீதிபதியும் விரும்பமாட்டார்.

காணி ஒப்பந்தங்களில் ஒரு வரியைக் கவனமாகப் பாருங்கள். 'விற்பவர் தவறினால் முற்பணத்தோடு மேலும் இன்ன தொகையை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும்' என்று எழுதியிருக்கும். பழைய மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதும் வரி அது. விற்பவர் அந்தத் தொகையை நீட்டி, 'இதை எடுத்துக்கொண்டு போ, காணி இல்லை' என்று சொல்லலாமா? 1950களில் தாஹிர் எதிர் அப்தீன் வழக்கில் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தொட்டது. காணி விற்கும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்பதுதான் வழமையான உரிமை. தொகையைக் கொடுத்து விலகிக்கொள்ளும் தெரிவை விற்பவருக்கு இருவரும் வேண்டுமென்றே கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு. ஆனால் அந்த நோக்கம் என்ன என்று வருடக்கணக்கில் வாதாடுவதைவிட, 'நட்டஈட்டுக்குப் பதிலாக உறுதி எழுதித் தரும்படி கேட்கவும் வாங்குபவருக்கு உரிமை உண்டு' என்று ஒரு வரியைச் சேர்ப்பது எவ்வளவோ மேல். நொத்தாரிசிடம் கேட்டால் எழுதித் தருவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்கூட்டியே குறிக்கும் தொகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 1912இல் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிணக்கு, வெப்ஸ்டர் எதிர் பொசான்கே என்ற பெயரில் பிரிவிக் கவுன்சில்வரை போனது. மீறினால் 500 பவுண் என்று எழுதியிருந்தார்கள். அது பயமுறுத்தும் தண்டம் அல்ல, நேரக்கூடிய நட்டத்தை முன்னதாக மதித்து வைத்த தொகைதான் என்று தீர்ப்பாயிற்று. பத்து லட்சம் ரூபா ஒப்பந்தத்துக்கு ஒரு நாள் தாமதமானால் ஒரு லட்சம் என்று எழுதினால் அந்த நியாயம் கிடைக்காது.

நட்டஈட்டைக் கணக்கிடும் அடிப்படை எளிது: ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலைக்குக் கொண்டுவருவது. வீட்டுக் கணக்கையே போடுவோம். பேசிய விலை 80 லட்சம். கொடுத்தது 50. ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டார். மிச்ச வேலையை முடிக்க இன்னொருவர் நியாயமான விலையாக 55 லட்சம் கேட்கிறார். மொத்தச் செலவு 105 லட்சம் ஆகிறது. 80ஐக் கழித்தால் நட்டம் 25 லட்சம். '50 லட்சம் கொடுத்தேன், 50 லட்சமும் திரும்ப வேண்டும்' என்று கேட்பது இந்தக் கணக்கில் நிற்காது, ஏனென்றால் அந்த 50 லட்சத்தில் பெரும்பகுதி சுவராகவும் தூணாகவும் உங்கள் வளவுக்குள்தான் நிற்கிறது. இதற்கு மேல், வீடு முடியாததால் கொடுத்த வாடகையையும் கேட்கலாம். ஒப்பந்தம் எழுதும்போதே 'நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், இந்த மாதத்துக்குள் ஒப்படைத்தால்தான் வெளியேற முடியும்' என்பது மறுதரப்புக்குத் தெரிந்திருந்தால் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். தெரிந்தது என்பதற்கு ஒரு வட்ஸ்அப் செய்திகூட உதவும். மனவேதனைக்கு, அலைச்சலுக்கு, ஊருக்குள் வந்த அவமானத்துக்கு ஒப்பந்த வழக்கில் பணம் கிடைப்பது மிக அரிது.

நட்டத்தைக் குறைக்கும் கடமை பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. ஆள் போய்விட்டார் என்று தெரிந்தபின் இரண்டு வருடம் கூரையில்லாமல் விட்டு, கம்பி துருப்பிடித்து, விலையும் ஏறிய பிறகு வந்து முழுவதையும் அவர் தலையில் கட்ட முடியாது.

ஒப்பந்தத்தை அடியோடு முறித்துவிடலாமா என்றால், மீறல் பாரதூரமானதாக இருக்க வேண்டும். குளியலறை டைல்ஸின் நிறம் மாறியதற்கு முழு வீட்டையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, விலையில் கழிக்கலாம். முறிப்பதென்று முடிவெடுத்து மறுதரப்புக்கு அறிவித்துவிட்டால் பிறகு மனம் மாறி, 'சரி, வந்து முடித்துத் தா' என்று பின்வாங்குவது கடினம். அதனால் அந்தக் கடிதத்தைக் கோபத்தோடு எழுதக்கூடாது.

இப்போது ரொறன்ரோ மகளின் கேள்வி. இதற்கு விடை சொல்ல இங்கிலாந்துக் கல்யாணம் ஒன்றைப் பார்க்க வேண்டும். வில்லியம் ட்வெடில் என்ற இளைஞனுக்கும் ஒரு பெண்ணுக்கும் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் 100 பவுணும் பெண்ணின் தகப்பன் 200 பவுணும் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாகத் தகப்பன்மார் இருவரும் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வழக்குப் போடலாம் என்றுகூட அதில் எழுதியிருந்தது. பெண்ணின் தகப்பன் கொடுக்காமலே இறந்துபோனார். மாப்பிள்ளை வழக்குப் போட்டான், 1861இல் தோற்றான். நீ ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை, நீ எதுவும் கொடுக்கவும் இல்லை, உனக்கு உரிமை இல்லை என்றது ஆங்கில நீதிமன்றம். ட்வெடில் எதிர் அட்கின்சன் என்ற இந்த வழக்கை மாற்ற இங்கிலாந்துக்கு 1999இல் மூன்றாம் தரப்பினர் உரிமைகளுக்கென்று ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்தக் கதையில் புரியாதது எதுவும் இல்லை. நம் சீதனப் பேச்சுவார்த்தை முழுக்க இப்படித்தான்: பெரியவர்கள் இருவர் கதைத்து, மூன்றாவது, நான்காவது ஆட்களுக்கு உரிமை உண்டாக்குகிறார்கள். சீதனம் ஒழிய வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இருந்தாலும் உரோமன் டச்சுச் சட்டம் இந்த வகை ஒப்பந்தத்தை எப்படி நடத்துகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. பழைய உரோமர் சட்டமும் மூன்றாம் ஆளுக்காகப் பேசுவதை ஏற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஹியூகோ குரோசியஸ் போன்ற ஒல்லாந்துச் சட்ட அறிஞர்கள் அந்தக் கதவைத் திறந்தார்கள். இருவர் சேர்ந்து மூன்றாம் ஒருவருக்கு நன்மை உண்டாகட்டும் என்ற நோக்கத்தோடு ஒப்பந்தம் செய்யலாம், அந்த மூன்றாமவர் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று தெரிவித்ததும் அவருக்கே நேரடி உரிமை பிறக்கும், அதற்குப் பிறகு முதல் இருவரும் தங்கள் இஷ்டத்துக்கு அதை அழிக்க முடியாது என்பது அவர்கள் வகுத்த வழி. ட்வெடில் இங்கே பிறந்திருந்தால் 200 பவுணுக்காக நிமிர்ந்து நின்று வாதாடியிருக்கலாம். வாக்குறுதி காணியாக இருந்தால் மட்டும் நொத்தாரிசு உறுதி வேண்டும். அந்த விதியை இதுவும் தாண்டாது.

இதில் இரண்டு படிகளைத் தவறவிடக் கூடாது. முதலாவது, நோக்கம். ஒரு ஒப்பந்தத்தால் தற்செயலாக நன்மை பெறுகிறவர் எல்லாம் உரிமையாளர் ஆகமாட்டார். வீடு எழும்பினால் ஒழுங்கை திருந்தும் என்று காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரர் மீது வழக்குப் போட முடியாது. இரண்டாவது, ஏற்பு. மூன்றாமவர் ஏற்கும்வரை முதல் இருவரும் சேர்ந்து மனம் மாறலாம்.

ரொறன்ரோ மகள் காசு அனுப்பினாள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது கொக்குவிலில் இருக்கும் தகப்பன். காசு அனுப்பியதால் மட்டும் அவள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு ஆகவில்லை. தகப்பன் உயிரோடு, தெம்போடு இருக்கும்வரை சிக்கல் இல்லை, அவர் வழக்குப் போடுவார். எண்பது வயதில் நீதிமன்றப் படியேற அவர் மறுத்தால்? ஒப்பந்தம் எழுதிய அன்றே 'இந்த வீடு இன்னாருக்காகக் கட்டப்படுகிறது, இதன் நிபந்தனைகளை அவரும் நேரடியாக வலியுறுத்தலாம்' என்று எழுதி, மகள் ஏற்றுக்கொள்வதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அவள் தன் பெயரிலேயே வழக்காளியாக நிற்கலாம். எழுதாமல் விட்டிருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. தகப்பன் தன் உரிமையை மகளுக்கு எழுத்தில் மாற்றிக்கொடுக்கலாம். பணமோ வேலையோ கேட்கும் உரிமையை மாற்ற, பொதுவாக மறுதரப்பின் சம்மதம் தேவையில்லை, கடமையை இன்னொருவர் தலையில் மாற்றத்தான் சம்மதம் வேண்டும். அல்லது தொடக்கத்திலேயே மகள் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பி, தகப்பன் அவளுடைய பிரதிநிதியாகக் கையெழுத்திட்டிருந்தால் ஒப்பந்தம் அவளுடையதே. வெளிநாட்டுக் காசில் இவ்வளவு வீடுகள் எழும்பும் ஊரில், காசு கொடுப்பவர் பெயர் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் ஆட்கள் நம்மிடம் உரிமை கேட்டு வருவதும் உண்டு, குறுக்கே வந்து நிற்பதும் உண்டு. காணி வாங்க நொத்தாரிசு ஒப்பந்தம் எழுதி முற்பணமும் கொடுத்திருக்கிறீர்கள். விற்பவர் கூடிய விலைக்கு வேறொருவருக்கு உறுதி எழுதிவிடுகிறார். புதியவர் மீது உங்களுக்கு என்ன பிடி? 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 93ஆம் பிரிவு உதவும்: உங்கள் ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே வாங்கியவர், அதை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு அந்தக் காணியை உங்களுக்காகவே வைத்திருக்கக் கடமைப்பட்டவர். ஆனால் உங்கள் ஒப்பந்தம் அதற்கு முன்னதாகவே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதி அலுமாரியில் பூட்டி வைப்பவர்கள் இழப்பது இந்த ஒரு பலத்தைத்தான். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டமும், மோசடி இல்லாவிட்டால், முன்னதாகப் பதிந்தவர் பக்கமே சாய்கிறது.

வாங்கும் வீட்டில் குத்தகைக்கு ஒருவர் இருந்தால் அவருடைய முறையான குத்தகை முடியும்வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். வீட்டை விற்றாலும் குத்தகை சாகாது என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற விதி.

வடக்கில் இதற்கு மேலும் ஒன்று. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டப்படி, காணியின் பங்காளிகளுக்கும், விற்பவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் உரித்தாளிகளாகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையான அறிவித்தல் போகாமல் அந்நியர் ஒருவருக்கு விற்றால், அந்த விற்பனையை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் வரலாம். காசு கொடுத்து, உறுதி எழுதி, வேலியும் அடைத்த பிறகு பங்காளி ஒருவர் அழைப்பாணையோடு வருவது இதனால்தான். வாங்குபவர் பங்காளிகள் யார் என்று கேட்டறிந்து, அறிவித்தலின் பிரதியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

இன்னொரு மூன்றாம் ஆள் புருஷன். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துடைமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை, சீதனமாக வந்த காணியைக்கூட, புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. புருஷனுக்கு இந்தக் கட்டு இல்லை. சம்மதம் இல்லாமல் அவள் எழுதும் ஒப்பந்தத்தை நம்பி வாங்குபவர் கையைச் சுட்டுக்கொள்வார். அதைவிடப் பெரிய அநியாயம் அவளுக்கு. போரில் புருஷன் காணாமல் போய், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், பிள்ளையின் படிப்புக்காகத் தன் காணியை விற்க நினைக்கும் பெண்ணுக்கு, புருஷன் இருக்கும் இடம் தெரியாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் சொல்லி அனுமதி வாங்கும் வழி மட்டும் அதே சட்டத்தில் இருக்கிறது. தன் சொத்தைத் தானே விற்பதற்கு இன்னொருவர் இல்லாமையை நிரூபிக்கச் சொல்லும் இந்த விதி எப்போதோ நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் தருகிறது, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். விற்று ஒப்படைத்த பொருளின் விலை, கடைக் கொப்பிக் கடன், செய்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வருடம். பலசரக்குக் கடைக்காரரும் தச்சரும் மேசனும் 'தெரிந்த ஆள்தானே, பிறகு தருவார்' என்று விடும் காசில் எவ்வளவோ இந்த ஒரு வருடத்தோடு செத்துப்போகிறது. கடனாளி ஒரு சிறு தொகை கட்டினாலோ, 'தரவேண்டியிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ கணக்கு புதிதாக ஓடும். ஆகவே வருடம் முடியும் முன் கொப்பியைக் காட்டி, நிலுவைத் தொகையின் கீழ் கையெழுத்து ஒன்று வாங்கிவிட வேண்டும். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்கம் வராவிட்டால் அந்தச் சபை தரும் சான்றிதழோடுதான் வழக்குத் தாக்கல் செய்யலாம். அங்கே போகும்போதும் ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், கோரிக்கைக் கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டுபோங்கள்.